மேல்தட்டுக் கிதாபுகள்

கொழும்பிலிருந்து திரும்புகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்று தேங்காய்ப்பட்டணத்தில் எல்லோருக்கும் தெரியும். சீட்டித் துணி, அத்தர் குப்பி, பீங்கான் கோப்பை, முடிந்தால் வீட்டுக்காரிக்குக் கழுத்தில் போட ஏதாவது ஒன்று. பக்கீர் முகம்மது பதினாறு வருஷம் அங்கே இருந்துவிட்டு, 1931-இல் கடை நொடித்துப்போய் ஊர் திரும்பியபோது பதினொரு தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். இறக்கி முடிப்பதற்குள் வண்டிக்காரனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. முதல் பெட்டியை உடைத்தபோது ஹபீபா பீவி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். புத்தகம். இரண்டாவதிலும் புத்தகம். மூன்றாவது பெட்டியை அவள் பார்க்கவில்லை. உலை கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் மார்க்கம் கற்ற ஆலிமும் இல்லை, புலவரும் இல்லை. கொழும்பில் புத்தகம் கட்டும் கடையில் தையலும் பசையுமாக இருந்தவர். கட்டக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் புத்தகங்கள் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தன. கடை மூடியபோது முதலாளி அவற்றை அவர் தலையில் கட்டினார். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மார்க்க நூல்களான அரபு எழுத்துக் கிதாபுகள் ஒரு பக்கம்: எல்லாம் தடித்த தோல் அட்டை, தூக்கினால் கை நோகும். தமிழ்ப் புத்தகங்கள் மறுபக்கம்: கதை, பாட்டு, வைத்தியம், பழைய பஞ்சாங்கம், எல்லாம் காற்றடித்தால் பறக்கிற சாதி. இரண்டிலும் பாதியை அவர் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது ஹபீபாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊர் அவரைக் 'கிதாபு பக்கீர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. கொப்பரைத் தேங்காய்க் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் வேலைதான் கிடைத்தது என்றாலும், அந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய நடையே மாறிவிடும்.

முதல் மழைக்காலத்தில் செதல் என்கிற கறையான் வந்தது. மண் தரையோடு ஒட்டியிருந்த பெட்டியின் அடிப்பலகையைத் துளைத்து, உள்ளே இருந்த ஒரு கிதாபைத் தோல் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டது. அன்று அவர் சோறு உண்ணவில்லை. மறுநாள் தரைக்குச் சுண்ணாம்புக் காறை போட ஆள் வைத்தார். அதோடு அலமாரி தேடப் புறப்பட்டார்.

தேடினார் என்றால் சும்மா இல்லை, ஒன்றரை வருஷம் தேடினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் அலமாரிப் பேச்சுத்தான். இன்று மார்த்தாண்டம் என்கிற ஊருக்கு அன்று தொடுவெட்டி என்று பெயர். அந்தச் சந்தையில் விற்ற மாம்பலகை அலமாரியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வண்டு அரைக்கிற சத்தம் கேட்டது. தேக்கு சர்க்கார் மரம். சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் வெட்ட முடியாது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். நாகர்கோவிலில் ஒரு வக்கீல் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி விலைக்கு இருந்தது. ஆனால் அது இடுப்புயரம்தான். அவர் மனசில் இருந்த அலமாரி வேறு. கொழும்பில் ஒரு வியாபாரியின் வீட்டுக் கூடத்தில் பார்த்தது. தரையிலிருந்து உத்தரம் வரை ஒரே அலமாரி, சுவர் தெரியாமல் புத்தகம். "எல்லாம் ஒண்ணுல நிக்கணும்" என்பார். இரண்டு சின்ன அலமாரியாக வாங்கினால் என்ன என்று ஹபீபா ஒருதடவை கேட்டாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடைசியில் மலிவும் உறுதியும் சேர்ந்து ஒரே இடத்தில் அகப்பட்டன. குளச்சலில் வள்ளம் கட்டுகிற ததேயுஸ் மேஸ்திரியின் கொட்டகையில் ஆயினி மரப் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. உரு என்கிற பெரிய பாய்க்கப்பல் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாறையில் மோதி உடைந்தது. அதன் மேல்தட்டுப் பலகைகள் அவை. உப்பு ஊறின மரம், செதல் கிட்டே வராது, நூறு வருஷம் நிற்கும். ஆனால் அந்த உருவில் நாலு பேர் செத்திருந்தார்கள். கடற்கரையில் அதை விறகுக்குக்கூட யாரும் தொடவில்லை. மேஸ்திரிக்கு இடம் காலியானால் போதும் என்றிருந்தது. வந்த விலைக்குக் கொடுத்தார், கூலிக்கு அலமாரியும் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார்.

ஹபீபாவின் அக்காள் பல்கீஸ் பீவி பள்ளிவாசலுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டதும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"நாலு ஆள விழுங்கின மரத்த வீட்டுக்குள்ள ஏத்துதாவளா? நீ கேட்டுக்கிட்டு சும்மாவா இருக்க?"

"நான் சொன்னா கேக்கவா போறாவ" என்றாள் ஹபீபா.

பக்கீர் முகம்மது இதைக் கேட்டுச் சிரித்தார். மரம் என்ன செய்யும், படிக்காத சனம் இப்படித்தான் பேசும் என்றார். அது ஒன்றை மட்டும் அவர் சரியாகத்தான் சொன்னார்.

அலமாரி வந்தது. ஐந்து தட்டு, ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு முழம். வீட்டில் முன்னறையை விட்டால் இருந்தது ஒரே உள்ளறை. அதன் மேற்குச் சுவர் முழுவதும் அலமாரிக்கே சரியாகப் போயிற்று. மேஸ்திரி தானே வந்து நிறுத்தி, நாலு காலையும் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கீர் முகம்மது கிதாபுகளை ஒவ்வொன்றாக மேல்தட்டில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

"காக்கா, பாரம் அடியில வரணும். தடிச்சத ஒக்க கீழ வையுங்க."

"அது கிதாபு, மேஸ்திரி. கிதாபுக்கு மேல கதப் பொஸ்தகம் இருக்கப்பிடாது. காலுக்குச் சமமாவும் இருக்கப்பிடாது."

"எனக்கு அதொண்ணும் தெரியாது. பாரம் மேல போனா மறியும். அது தெரியும்."

மேஸ்திரி முன்னங்கால் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டையை வைத்து அடித்து அகலப்படுத்திவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனார். மேலே இரண்டு தட்டு முழுக்கக் கிதாபு. கீழே மூன்று தட்டு முழுக்கப் பாட்டும் கதையும் பஞ்சாங்கமும். ஊர் வந்து பார்த்தது. அலமாரிக்கு முன்னால் நின்று பேசும்போது பக்கீர் முகம்மதுவுக்குக் குரல்கூடக் கொஞ்சம் கனத்துப்போகும்.

ஹபீபா கயிறு திரிக்கிறவள். ஊறவைத்துத் தட்டின தேங்காய் நாரை மடியில் போட்டுக்கொண்டு, பகல் முழுவதும் அந்த உள்ளறையில் உட்கார்ந்து திரிப்பாள். கிதாபுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது என்பதால் அலமாரியைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்குத்தான் ஒன்று மாறுவது தெரியும். மாசி மாதத்தில் அலமாரியின் உச்சிக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் விழுவதைக் கண்டாள். முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு ஒரு முழக் கயிறுகள் சிலவற்றை முடிந்து, நுனியில் கல்லைக் கட்டி, மேல்தட்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். கல், கீழ்ப்பலகையை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது.

சுண்ணாம்புக் காறைக்குக் கீழே கடல் மணல். முன்னங்கால் இரண்டும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரி அடித்த கட்டையும் சேர்ந்து இறங்கியது.

சித்திரையில் இரண்டு விரல் ஆயிற்று. அவள் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கிதாபுல கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கியே, இது மாட்டுக் கொட்டிலா?" என்றார் அவர். கயிற்றை அவிழ்த்து எறிந்தார்.

"சாயுதுங்க. அதைப் பாருங்க."

"உரு மரம். சாயாது."

அவர் கிட்டங்கிக்குப் போனதும் அவள் கயிற்றைத் திரும்பக் கட்டினாள். அவர் வருகிற நேரத்துக்கு அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வாள். தினமும் இதுவே வேலை. வைகாசி பிறந்தபோது மூன்றாவது விரலும் உள்ளே நுழைந்தது. அன்றே நாரையும் திரியையும் வாரிக்கொண்டு அடுப்படிக்கு மாறினாள். புகையில் கண் எரிந்தாலும் பரவாயில்லை. உள்ளறையைக் கடக்க வேண்டி வந்தால் எதிர்ச்சுவரை ஒட்டியே நடந்தாள். பாயை முன்னறையில் விரித்தாள். காரணம் கேட்டபோது உள்ளே புழுக்கம் என்று சொன்னாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பல்கீஸ் மூலமாகப் பள்ளிவாசலில் தொழவைக்கும் எலப்பைக்குச் சொல்லியனுப்பினாள். எலப்பை வயசானவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, தானாக வந்தவர் மாதிரி வந்து முன்னறையில் உட்கார்ந்தார். ஹபீபா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"பக்கீரு, கிதாபுக்கு மேல ஒண்ணும் இருக்கப்பிடாது. சரிதான். மத்த பொஸ்தகத்த ஒக்க அதுல இருந்து எடுத்துப் பெட்டியில போட்டிட்டா, கிதாப கீழத்தட்டுல வைக்கலாமில்லியா? தரையில இருந்து ஒசந்துதான இருக்கு. ஆளுவ பொழங்குத அறையாக்கும்."

இதைவிடச் சுளுவான வழி யாருக்குக் கிடைக்கும்? ஹபீபாவுக்கு உயிர் வந்தது. திரையைப் பிடித்தபடி புருஷனின் பதிலுக்குக் காத்தாள்.

அவருக்கோ முகம் சிவந்துவிட்டது. மற்றப் புத்தகத்தை எடுத்துவிட்டால் அலமாரியில் பாதிக்கு மேல் காலி. கொழும்பு வியாபாரியின் சுவர் மாதிரி எப்படி இருக்கும்? அதை வெளியே சொல்ல முடியுமா? கொழும்பில் ஒரு பெரிய ஆலிம் இருந்தார் என்றும், கீழ்த்தட்டில் கிதாபு வைப்பது அவருக்கு ஆகாது என்றும், இந்த ஊரில் ஓதிப் படித்தவர்கள் குறைவு என்றும் சுற்றி வளைத்துப் பேசினார். எலப்பை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கொழும்பு கண்டவரு" என்று சொல்லி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பக்கீர் முகம்மது உள்ளே வந்தார். "எலப்பைக்குச் சொல்லிவிட்டது நீயா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அன்றிலிருந்து அவள் அலமாரி விழுவதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷனிடம் இனி என்ன சொல்லியும் பயனில்லை என்று தெரிந்தபோது வந்தது கோபம் இல்லை, ஒரு அசதி.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. சுவரெல்லாம் ஓதம். மேல்தட்டுக் கிதாபுகள் ஈரத்தில் ஊதி, ஒன்றோடொன்று இறுகி, தட்டுக்குள் ஆப்பு அடித்த மாதிரி நின்றன. கல் நாலு விரல் தள்ளி நின்றது. அதற்குப் பிறகு ஹபீபா அளக்கவில்லை. கயிற்றை அடுப்பில் போட்டாள்.

ஐந்தாம் நாள் மழை கொஞ்சம் வெறித்தது. மதியத்துக்கு மேல் கோட்டாறிலிருந்து அபுதாஹிர் வந்தார். துணி வியாபாரி, பெரிய இடம். ஏதோ காரியமாகக் குளச்சலுக்கு வந்தவர், கிதாபு பக்கீரின் சேகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். இப்படி ஒரு ஆள் வர வேண்டும் என்றுதானே பக்கீர் முகம்மது இத்தனை நாளும் காத்திருந்தார். பாய் விரித்து, தேயிலைத் தண்ணீர் கொடுத்து, கொழும்புக் கதையெல்லாம் சொன்னார். பேச்சு எங்கோ சுற்றி ஒரு கிதாபில் வந்து நின்றது. அது தன்னிடம் இருக்கிறது என்றார்.

எழுந்து போய் எடுத்து வந்திருக்கலாம். பத்தடி தூரம். ஆனால் பெரிய இடத்து ஆளுக்கு முன்னால் தானே எழுந்து போவது அவருக்குக் குறைச்சலாகப் பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஹபீபா, மேல்தட்டுல எடது பக்கத்துல இருந்து அஞ்சாமத்த கிதாபு. செவத்த தோலு. அத எடு."

அவள் திரை அருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வந்து எடுத்துக்கிடுங்களேன்."

"ஏன், ஒனக்குக் கையில்லியா?" என்றார். சொல்லிவிட்டு விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் கிணற்றடிக்குப் போய் ஒளு எடுத்தாள். சுத்தமில்லாமல் கிதாபைத் தொடக் கூடாது. முகமும் கையும் காலும் கழுவிக்கொண்டு வந்து, முக்காலியைப் போட்டு ஏறினாள். சிவந்த தோலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அலமாரியை ஒரு கையால் சுவரோடு தள்ளிக்கொண்டு மறு கையால் இழுத்தாள். அசையவில்லை. முன்னறையிலிருந்து, "கெடச்சுதா?" என்று குரல் வந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிதாபு வரவில்லை. அலமாரி வந்தது.

முக்காலியிலிருந்து எட்டிக் குதிக்கப் பார்த்தாள். தலையும் தோளும் தப்பின. இடுப்புக்குக் கீழே எல்லாம் அலமாரிக்கு அடியில் போயிற்று. மேல்தட்டுக் கிதாபுகள் மொத்தமும் விழுந்த வேகத்தில் பிடி விட்டு, அவளைத் தாண்டிப் பறந்து, அறை முழுக்க விரிந்து கிடந்தது. முதலில் வலி தெரியவில்லை. மூச்சு மட்டும் வெளியே வர மறுத்தது. கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

புருஷன் ஓடி வந்தார். தரையோடு கிடந்தவளுக்கு அவருடைய பாதங்கள்தான் தெரிந்தன. கதவடியில் வந்து நின்ற பாதங்கள். "யா அல்லாஹ்" என்ற குரல். பிறகு அந்தப் பாதங்கள் அவள் பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கம் போயின. ஒரு கை கீழே வந்து, குப்புறக் கிடந்த ஒரு கிதாபை எடுத்தது. விழுந்த கிதாபை எடுத்ததும் உதட்டில் வைத்து முத்தமிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் பேச வராத குழந்தைகூட இதைச் செய்யும். அவர் முத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கிதாபு கட்டில்மேல் வைக்கப்பட்டது. கை திரும்ப வந்தது. இரண்டாவதை எடுத்தது. முத்தியது. மூன்றாவது. அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நாலாவது கிதாபு அவளுடைய விரல் நுனிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அவருடைய கண் அவள் கண்ணில் பட்டது.

அதன்பிறகு அவர் அலறினார். அலமாரியின் விளிம்பில் தோளைக் கொடுத்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்திக்கொண்டு ஒற்றையாளாகத் தூக்கினார். அவள் கையை ஊன்றி வெளியே ஊர்ந்தாள். அந்நியப் பெண் இருக்கிற அறை என்பதால் அபுதாஹிர் திரைக்கு வெளியிலேயே நின்று, "என்ன ஆச்சு, நான் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது அந்த அலறல்தான். கண்டது எதுவும் இல்லை.

அருமனையிலிருந்து வர்மம் தெரிந்த ஆசானைக் கூட்டி வந்தார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெயை ஊற்றிக் கட்டுப் போட்டார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை, இனி எழுந்து நடப்பதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முற்றத்தில் நின்று சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டது.

கதை ஊர் முழுக்கப் பரவியது. ஆள் விழுங்கின மரம் புத்தியைக் காட்டிவிட்டது என்றார்கள். ஆறு பேர் சேர்ந்து நிமிர்த்தும் அலமாரியைப் பெண்டாட்டிக்காக ஒருத்தராகத் தூக்கினாராமே என்றார்கள். அபுதாஹிர் இதைக் கோட்டாறு வரைக்கும் கொண்டுபோனார். பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, உனக்கு வாய்த்த புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கீர் முகம்மது கஞ்சி காய்ச்சினார், ஊட்டினார், அவளைத் தூக்கி வெளிக்குக் கொண்டுபோனார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெண்கள் புகழும்போது திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேச்சுமூச்சில்லாமல் நிற்பது அவளுக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும், எல்லாம் கெட்டுப்போகும். அவள் பேசவில்லை. அந்தப் பயத்தில்தான் அவர் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்க்காமலே ஊட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது நாளுக்கு மேல் ஆனபிறகு அவருக்கே தாங்கவில்லை. ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வந்தவ எல்லாம் என்னெல்லாமோ சொல்லுதாளுவ. நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே. வையதுன்னா வஞ்சிடு."

"எதுக்கு வையணும்? கிதாபு தரையில கெடக்கப்பிடாது. நானா இருந்தாலும் ஒருவேள எடுத்திருப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரல் உயரவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கோவமொண்ணும் இல்ல, தெரிஞ்சுக்கிடதுக்குத்தான். நாலாமத்தது எனக்க கைக்கிட்ட கெடந்ததுனால நீங்க என்னயக் கண்டிய. அது வேற எங்ஙனயாவது போய் விழுந்திருந்தா, இன்னும் எத்தன எடுத்திருப்பிய?"

பக்கீர் முகம்மது கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். திரும்பவும் கீழே வைத்தார். கஞ்சி ஆறும்வரை அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.